ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

#1 ஈசூன்_புதுசு

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரிலிருந்து மூன்று கேள்வி.

தனியாக உட்கார்ந்தால் "ஆண்டவரே" என்ற முதல் சொல்லோடு நின்றுவிடுகிறது. அடுத்த வரி என்ன?

வீட்டுக்கூட்டத்தில் திடீரென்று "நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்க" என்று கைகாட்டினால் எப்படிச் சமாளிப்பது?

எழுதி வைத்ததை வாசித்தால் அது ஜெபமா, வாசிப்பா?

"மனதிலிருந்து பேசுங்கள், தானாக வரும்" என்ற பதில் ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது. என்ன செய்ய வேண்டும், எத்தனை நிமிடம், எதில் தொடங்க வேண்டும் என்று சொன்னால் போதும். எந்தச் சபைக்காரர் பதில் சொன்னாலும் சரி.

#2 பழைய_பைபிள்

தம்பி, சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள். ஜெபம்பண்ண "நீர் எங்களுக்கும் போதிக்கவேண்டும்" (லூக்கா 11:1). இயேசு அவர்களுக்கு விளக்கவுரை தரவில்லை, சொல்லச் சொல்லி வார்த்தைகளையே கொடுத்தார். அதனால் பரமண்டல ஜெபத்தில் தொடங்குங்கள். ஆனால் ஆராதனையில் சொல்லும் வேகத்தில் வேண்டாம். அங்கே அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

முதல் வாரம் இரண்டே வரி. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று சொல்லி நிறுத்துங்கள். ஒரு மூச்சு விடுங்கள். பிறகு இன்றைக்கு வேண்டிய ஒன்றை, ஒன்றே ஒன்றை, சொந்த வாக்கியத்தில் சொல்லுங்கள். "இன்று" என்ற சொல்லைக் கவனியுங்கள். அடுத்த வருடத்து வீட்டுக் கடனெல்லாம் இந்த வரியில் வராது. அடுத்து மன்னிப்பின் வரி. அதற்குப் பின் ஒரு பெயர். யாரை மன்னிக்க முடியவில்லையோ அவர் பெயர். விளக்கம் வேண்டாம், பெயர் போதும். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம்.

இரண்டாம் வாரம் இன்னும் இரண்டு வரி சேருங்கள். ஒரு மாதத்தில் முழு ஜெபமும் ஐந்தாறு நிமிட ஜெபமாக விரிந்திருக்கும். நடுவில் நிற்கும் ஒவ்வொரு சொந்த வாக்கியமும் உங்களுடையது.

பெரும்பாலும் தவறுவது முதல் நாளே எல்லா வரியையும் விரிக்கப் பார்ப்பதில்தான். மூன்றாவது வரியில் சரக்கு தீர்ந்துவிடும், நான்காம் நாள் விட்டுவிடுவார்கள். 1535ல் மார்ட்டின் லூத்தர் தன் நாவிதர் பேதுருவுக்கு இதே கேள்விக்குப் பதிலாக ஒரு சிறு நூலே எழுதினார். சவரம் செய்கிறவன் கத்தியில் கண் வைக்காமல் பேச்சில் கவனம் போனால் மூக்கை அறுத்துவிடுவான், ஜெபமும் அப்படித்தான் என்கிறார். ஒரு வரியை எடுத்து நாலு இழையாகப் பின்னச் சொல்கிறார்: இது எனக்கு என்ன கற்றுத் தருகிறது, எதற்கு நன்றி, எதில் தவறினேன், என்ன வேண்டும். ஒரு இழையில் மனம் நின்றுவிட்டால் மற்றதை விட்டுவிடலாம் என்பதும் அவர் சொன்னதுதான்.

#3 கடைசி_பெஞ்ச்

மேலே சொன்னது சரி. ஆனால் இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதற்கும் முன்னால் ஒரு கல் கிடக்கிறது. "வார்த்தை வரவில்லை" என்பதில் பாதி பக்திப் பிரச்சினை இல்லை, வினைமுற்றுப் பிரச்சினை.

வீட்டில் யாரும் யாரையும் "நீர்" என்று கூப்பிடுவதில்லை. பள்ளிக்கூடத் தமிழிலும் அது பேச்சுக்கு வராது. ஜெபம் என்றவுடன் மட்டும் வாய் "நீர்" என்று தொடங்கிவிடும். தொடங்கியபின் வினை "-ஈர்" என்று முடிய வேண்டும், வேண்டுதல் "-உம்" என்று முடிய வேண்டும். மூளை அந்த ஈற்றைத் தேடப் போகும், கேட்க வந்தது மறந்துபோகும். சபையில் பெரியவர்கள் தடுமாறாமல் ஜெபிப்பதற்குக் காரணம் இந்த ஈறுகள் நாற்பது வருடமாக நாக்கில் ஏறியிருப்பதுதான்.

ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம் இது. உகரத்தில் முடியும் சொல்லில் உகரம் போய் "-உம்" வரும்: நடத்து, நடத்தும், இரங்கு, இரங்கும், காப்பாற்று, காப்பாற்றும். இகரத்திலும் ஐகாரத்திலும் முடிந்தால் "-யும்": மன்னி, மன்னியும்; நினை, நினையும். "தா", "வா" தனி: தாரும், வாரும். நடந்ததற்கு: தந்தீர், காத்தீர், கேட்டீர். வேண்டாம் என்பதற்கு: கைவிடாதேயும், மறவாதேயும். பக்கத்தில் உம்மை, உமக்கு, உம்மிடம். இவ்வளவுதான் சாமான். இந்தப் பத்துப் பன்னிரண்டு வடிவத்தைத் தாளில் எழுதி வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டால் ஜெபத்தமிழில் பெரும்பகுதி கையில் வந்துவிடும்.

#4 தோபாயோ_தம்பி

பிரதர், தேவன் இலக்கணத் தேர்வா வைக்கிறார்? "அப்பா, நீங்க பாத்துக்கங்க" என்றால் கேட்க மாட்டாரா?

#5 கடைசி_பெஞ்ச்

கேட்பார், அதில் சந்தேகமே இல்லை. தனி ஜெபத்தில் "நீங்க" என்றே பேசுங்கள், ஆங்கிலம் கலந்தாலும் குற்றமில்லை. எந்த மொழியில் வலி வந்தால் கத்துகிறீர்களோ அதுதான் ஜெபத்துக்கும் அருகிலிருக்கும் மொழி. பழைய கீர்த்தனைகளில் "நீ" என்றே ஆண்டவரை அழைத்திருக்கிறார்கள், மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் சொன்னது தமிழ்ச் சபையில் எல்லாரோடும் சேர்ந்து ஜெபிக்க வெட்கப்படுகிறவர்களுக்காக. வெட்கத்தின் வேர் ஈற்றில் இருக்கிறது என்று தெரிந்தால் "எனக்கு விசுவாசமே இல்லை போல" என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. நடுவில் "நீர் எங்களைக் காப்பாத்துங்க" என்று கலந்துவிட்டால் திருத்தப் பின்னால் போகாதீர்கள். போகிற போக்கில் போங்கள்.

#6 காலை_ஐந்தரை

எழுதி வைத்த ஜெபம் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. என் கருத்து கொஞ்சம் கடுமையானது. அச்சடித்த ஜெபம் பழகிவிட்டால் வாய் ஓடும், மனம் மார்க்கெட்டில் நிற்கும். "அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று மத்தேயு 6:7ல் ஆண்டவரே எச்சரிக்கிறார். ஆவியானவர் தரும் வார்த்தைக்குக் காத்திருப்பதே மேல்.

#7 செபமாலை_53

ஐயா, அந்த வசனத்துக்கு இரண்டு வசனம் தள்ளித்தான் ஆண்டவர் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய செபத்தைக் கொடுக்கிறார். அலப்புதல் என்றால் நிறையப் பேசினால் கேட்கப்படும் என்று நினைப்பது, அதே வசனத்திலேயே இருக்கிறது. எழுதியதா எழுதாததா என்பதல்ல அங்கே பேச்சு. எழுதாத செபத்திலும் அலப்பலாம். மூன்று சொல்லுக்கு ஒரு "ஸ்தோத்திரம்", இரண்டு சொல்லுக்கு ஒரு "ஆண்டவரே" என்று போவதை எல்லாச் சபையிலும் கேட்கிறோம். அது பக்தி மிகுதியால் வருவதல்ல, அடுத்த சொல்லைத் தேடும் இடைவெளியை நிரப்ப வருவது. அந்த இடத்தில் வாயை மூடி ஒரு மூச்சு விட்டால் போதும். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அது ஓய்வு.

அவிலா புனித தெரேசா செபத்தின் மறைவல்லுநர் என்றே அழைக்கப்படுகிறவர். பதினெட்டு ஆண்டுகள், நற்கருணை வாங்கியபின் தவிர, கையில் புத்தகம் இல்லாமல் செபிக்கத் துணியவில்லை என்று அவரே எழுதுகிறார். பல நாள் அதைத் திறந்து பார்த்தாலே போதும் என்றிருந்ததாம். புத்தகம் ஊன்றுகோல். கால் சரியாக இருக்கும் நாளில் சாய்த்து வைத்துவிட்டு நடக்கலாம்.

#8 காலை_ஐந்தரை

ஊன்றுகோல் என்றால் ஒத்துக்கொள்கிறேன். நாற்காலி ஆகிவிடக்கூடாது என்பதுதான் என் பயம். அந்நியபாஷை பேசுகிறவர்களிடமும் பவுல், சபையில் பதினாயிரம் வார்த்தையைவிடக் கருத்தோடு பேசும் ஐந்து வார்த்தை மேல் என்கிறார் (1 கொரிந்தியர் 14:19). ஐந்து என்ற எண்ணிக்கையை நம் சகோதரர் கவனிக்கட்டும். நாளைக்கு ஐந்து சொந்த வார்த்தை, மற்றது எங்கிருந்து கடன் வாங்கினாலும் சரி.

#9 ஈசூன்_புதுசு

நன்றி. இடமும் நேரமும்? மூன்று அறை வீடு, ஆறு பேர். சிலருக்கு இரவு ஷிப்ட். தங்குவிடுதியில் ஒரே அறையில் பன்னிரண்டு பேரோடு இருக்கும் நண்பர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

#10 மூன்றாம்_ஷிப்ட்

"அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி" ஜெபிக்க இயேசு சொன்னதை (மத்தேயு 6:6) அப்படியே எடுத்தால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஜெபமே கிடையாது. அன்னாளைப் பாருங்கள். ஆலயத்தில் பிறர் பார்க்க நின்று, உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல் ஜெபித்தாள் (1 சாமுவேல் 1:13). ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். நெகேமியா அதைவிடச் சுருக்கம். ராஜா கேள்வி கேட்டு முடித்ததற்கும் தான் பதில் சொல்வதற்கும் இடையில் ஜெபித்தார் (நெகேமியா 2:4). கண் மூடியிருக்க வாய்ப்பே இல்லை.

விடுதியில்: படுக்கையின் கீழ்த்தட்டு, சுவரைப் பார்த்து, உதடு மட்டும். முழுதும் மனதுக்குள் செய்யாதீர்கள். மனதுக்குள் மட்டும் செய்தால் இரண்டு நிமிடத்தில் தூக்கமோ நாளைய வேலையோ வந்துவிடும். உதடு அசைந்தால் மனம் அதைப் பிடித்துக்கொண்டு வரும்.

எம்ஆர்டியில்: ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்குப் பொதுவாக இரண்டு நிமிடம். ஒரு நிலையத்துக்கு ஒரு ஆள் என்று வையுங்கள். கதவு மூடியதும் பெயர், அவருக்கு ஒரே ஒரு வேண்டுதல், பிறகு கதவு திறக்கும் வரை மௌனம். பத்து நிலையம் என்றால் பத்துப் பேர். ரயிலே நேரம் பார்த்துக்கொள்ளும். போனை மட்டும் பையில் போடுங்கள். வேதாகமச் செயலியைத் திறக்கிறேன் என்று எடுத்தால் வாட்ஸ்அப்பில் போய் நிற்கும்.

இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் படுக்கையில் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டாம். உடம்பு தோற்கும். நின்று ஜெபியுங்கள், அல்லது அடுக்குமாடி புளோக்கின் பொது நடைபாதையில் மெதுவாக ஒருமுறை போய்வாருங்கள். அந்த நேரத்தில் ஒரே வரி போதும். "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." சங்கீதம் 70ன் முதல் வசனம். ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் காசியன், எகிப்து வனத் துறவிகள் எந்த நிலையிலும் திரும்பத் திரும்பச் சொல்லத்தக்க வரி என்று இதையே பதிவு செய்திருக்கிறார்.

#11 செபமாலை_53

குருக்களும் துறவியரும் நாளின் வேளைதோறும் சொல்லும் கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையும் இந்த வசனத்தில்தான் தொடங்குகிறது.

செபமாலை முழுதும் சொல்ல இருபது நிமிடம் ஆகும். தொடங்குகிறவர்கள் மாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியை மட்டும் சொல்லுங்கள், மூன்று நான்கு நிமிடம். செவ்வாய், வெள்ளி என்றால் இயேசுவின் பாடுகளை நினைக்கும் துயர மறைபொருள், முதலாவது கெத்சமனி. ஒரு மணிக்கு ஒரு பெயராகப் பத்துப் பெயர் வைத்துச் சொல்பவர்களும் உண்டு. விரலுக்கு வேலை இருப்பதால் மனம் அலைவது குறைகிறது, மணியின் பயனே அதுதான்.

பேச வராது, எழுத வரும் என்பவர்களுக்கு: தாம்சன் ரோட்டில் நோவீனா ஆலயம் என்று எல்லாரும் சொல்லும் புனித அல்போன்சஸ் ஆலயத்தில், சனிக்கிழமை இடைவிடா சகாய மாதா நவநாளில் விண்ணப்பக் கடிதங்களும் நன்றிக் கடிதங்களும் வாசிக்கப்படுகின்றன. எம்ஆர்டி நிலையத்துக்கே அந்த நவநாளால் வந்த பெயர்தான். அதே பழக்கத்தை வீட்டில் செய்யலாம். ஒரு தாளில் "ஆண்டவரே" என்று தொடங்கி ஆறு வரிக் கடிதம், கீழே தேதி. முதல் வரி வராவிட்டால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: "இன்று மேலாளர் இப்படிச் சொன்னார்." அடுத்த வரி தானாகக் கோபமாகவோ வேண்டுதலாகவோ மாறும். மாறிய இடத்திலிருந்து செபம் தொடங்கிவிட்டது.

#12 தோபாயோ_தம்பி

ஜெபத்தில் கோபப்படலாமா?

#13 பழைய_பைபிள்

சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். சங்கீதம் 13ஐ எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் சங்கீதக்காரன் நாலு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறான். மூன்றும் நாலும் வேண்டுதல். ஐந்தும் ஆறும் நம்பிக்கை. இந்தப் படிக்கட்டைக் கடன் வாங்கலாம். "எதுவரைக்கும்" என்ற சொல்லை எடுத்துக்கொண்டு உங்கள் நாலு கேள்வியைப் போடுங்கள், பிறகு ஒரு வேண்டுதல். ஐந்தாம் வசனத்துக்கு மனம் வரவில்லையா, அன்றைக்கு நாலோடு நிறுத்துங்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் யாரும் வேதாகமத்திலிருந்து வெட்டிப் போடவில்லை.

தினமும் எந்தச் சங்கீதம் என்று தேட வேண்டாம். இன்றைய தேதியை எடுங்கள், அதோடு முப்பது முப்பதாகக் கூட்டுங்கள். 7ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. ஐந்தின் முதல் வரிகளை மட்டும் படித்து, இன்றைய மனநிலைக்குப் பொருந்தும் ஒன்றைச் சத்தமாக வாசியுங்கள். எது குத்துகிறதோ அந்த வரியில் நின்று ஒரு சொந்த வாக்கியம். ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

#14 ஆல்டோ_வரிசை

இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. கூட்டத்தில் கைகாட்டப்பட்டால் உதவுவது ஆங்கிலிக்கன் வழிபாட்டுப் புத்தகத்தின் சுருக்க ஜெபம். அதன் எலும்புக்கூட்டில் ஐந்து துண்டு: யாரை அழைக்கிறோம், அவர் எப்படிப்பட்டவர், என்ன வேண்டும், எதற்காக வேண்டும், யார் மூலம்.

மருத்துவமனைப் படுக்கையருகே என்று வையுங்கள். "எங்கள் பிதாவே, / வியாதியஸ்தர்மேல் கைவைத்துக் குணமாக்கிய இயேசுவை எங்களுக்குத் தந்தவரே, / இந்த அண்ணனுக்கு இன்றிரவு வலி குறைந்து தூக்கம் தாரும், / நாளைக் காலை மருத்துவர் சொல்வதைக் கலங்காமல் கேட்கும்படி. / இயேசு கிறிஸ்துவின் மூலமாய், ஆமென்." அரை நிமிடம்கூட ஆகாது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நோயாளி நன்றியோடுதான் பார்ப்பார், ஏனென்றால் நீளமான ஜெபத்தில் அவருக்குத்தான் மூச்சு வாங்கும்.

கடினம் இரண்டாவது துண்டில். வேண்டுதலுக்குப் பொருந்தும் ஒரு செயலைத் தேவன் முன்பு செய்திருக்கிறார் என்று நினைவூட்ட வேண்டும். வேலை தேடுகிறவருக்கு ஜெபிக்கும்போது செங்கடலைப் பிளந்தவரே என்பதைவிட வனாந்தரத்தில் அன்றன்றைக்கு மன்னா கொடுத்தவரே என்பது நெருக்கம். இப்படி ஆறு ஜோடியை முன்கூட்டியே எழுதி வைத்தால் நோய், வேலை, தேர்வு, பயணம், துக்கம், பிறந்தநாள் ஆறுக்கும் ஆயிற்று.

சில எச்சரிக்கை. ஜெபத்துக்குள் அறிவிப்புச் செய்யாதீர்கள் ("ஆண்டவரே, வருகிற சனிக்கிழமை ஏழு மணிக்கு…"). ஜெபத்தில் பிரசங்கமும் வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்குப் புத்தி சொல்லவே வேண்டாம். நோயின் பெயரை நோயாளி வெளியில் சொல்லாதபோது நீங்கள் ஜெபத்தில் சொல்லக்கூடாது. திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு படுக்கை இருக்கிறது. கைவைத்து ஜெபிப்பதானால் கேட்டுவிட்டு வையுங்கள்.

வீட்டுக்கூட்டத்தில் மறுக்கவும் உரிமை உண்டு. "இன்று நான் பரமண்டல ஜெபத்தை நடத்துகிறேன், எல்லாரும் சேர்ந்து சொல்வோம்" என்றால் அது மறுப்பாகவே தெரியாது.

#15 மூன்றாம்_ஷிப்ட்

துக்க வீடு பற்றி ஒன்று. இங்கே புளோக்கின் கீழ்த்தளத்தில் உடல் மூன்று நாள், ஐந்து நாள் இருக்கும். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஜெபித்து ஜெபித்துக் குடும்பம் களைத்துப்போயிருக்கும். மூன்றாம் நாளில் சொந்த வார்த்தை தேடாதீர்கள். சங்கீதம் 23ஐ மெதுவாக வாசித்து, ஆமென் சொல்லி உட்காருங்கள். அதுவும் வராவிட்டால் சும்மா உட்காருங்கள். "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவர் வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்வது இந்த மாதிரி நாற்காலிகளுக்குத்தான்.

#16 கடைசி_பெஞ்ச்

அதோடு இதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வார்த்தை மட்டும் வரவில்லை என்றால் மேலே சொன்னதெல்லாம் உதவும். வார்த்தையோடு தூக்கமும் பசியும் வரவில்லை, இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிலும் ஒட்டுதல் இல்லை என்றால் ஜெப முறையை மாற்றிப் பயனில்லை, பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். உயிரே வேண்டாம் என்று தோன்றினால் சிங்கப்பூர் சமாரிட்டன்ஸ் உதவி எண் 1767, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். இன்னும் அதிகமாக ஜெபி என்று அவரிடம் சொல்கிறவர்கள் தயவுசெய்து இந்த இழைக்கு வர வேண்டாம்.

#17 ஈசூன்_புதுசு

எல்லாருக்கும் நன்றி. ஈறுகளின் பட்டியலைத் தாளில் எழுதியாயிற்று. கவனம் சிதறினால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லையே?

#18 செபமாலை_53

பக்கத்தில் ஒரு துண்டுத்தாள். "மின்கட்டணம்" என்று நினைவு வந்தால் அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு விட்ட வரிக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் எட்டு முறை திரும்பினால் எட்டு முறை செபித்தீர்கள் என்று கணக்கு வையுங்கள். ஒரே பெயர் மூன்று நாள் தொடர்ந்து தாளில் வந்தால் அது சிதறல் இல்லை, அவருக்காகத்தான் செபிக்க வேண்டும்.

#19 ஈசூன்_புதுசு

கடைசியாக ஒன்று. தேதிக் கணக்குப்படி 29ஆம் தேதி 119ஆம் சங்கீதம் வருகிறதே. 176 வசனம்!

#20 பழைய_பைபிள்

முழுதும் வாசிக்க வேண்டாம். எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் எட்டு வசனமாக 22 பகுதி. ஒரு பகுதி எடுங்கள், எதை எடுத்தோம் என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். 31ஆம் தேதிக்குக் கணக்கில் எண் மிஞ்சாது, அன்றைக்கு அதிலேயே அடுத்த எட்டு.